உருளைக்கிழங்கோடு கடைக்கு வந்தவர்

தாம்பரத்தில் ஒரு கடையில் ஏர் பிரையர் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ச்சிலிருந்து நேராக வந்தவர்போல, வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா வந்தார். எதைப் பார்ப்பதற்கு முன்பும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொள்வார். கைப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். உள்ளே மசாலா தடவிய உருளைக்கிழங்குத் துண்டுகள்.

"தம்பி, எண்ணெய் மிச்சம், கேஸ் மிச்சம்னு சொல்றீங்கல்ல. இதைப் போட்டுக் காட்டுங்க."

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே போட்டார். மொறுமொறுவென்று வந்தது. கடையில் இருந்த எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தோம். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காலி டப்பாவைப் பார்த்தார்.

"இவ்ளோ நல்லா இருந்தா வீட்ல தினமும் கேப்பாங்க. அப்புறம் எங்க மிச்சம் ஆகும்?" என்று சொல்லிவிட்டு, வாங்காமலே போய்விட்டார்.

நான் வாங்கினேன். அவர் சொன்னபடியே, எங்கள் வீட்டில் இப்போது தினமும் உருளைக்கிழங்குதான்.

போன வாரம் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் அதே அம்மா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் பையைப் பார்த்தார். அவர் பை என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது.

"நீங்களும் ஏர் பிரையர் வாங்கிட்டீங்களாம்மா?"

"மறுநாளே வாங்கிட்டேன் சார். அன்னைக்குக் கடையில எனக்கு ரெண்டு துண்டுதானே கெடச்சுது."