செயின்ல வந்த விளக்கெண்ணெய் வாசனை

விளக்கெண்ணெய் வாசனை…

அதுவும் பைக் செயின்ல!

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, மண்ணெண்ணெய்ல நனைச்ச பழைய டூத் பிரஷ்ஷோட வண்டி பக்கத்துல உக்காந்தேன். செயினத் தொட்டதும் குப்புனு அந்த வாசனை. கையெல்லாம் கருப்பா ஒரு களிம்பு. அதுக்கு மேல மாவு மாதிரி வெள்ளைத் தூசி.

நான் போட்டது கியர் பாக்ஸுக்கு ஊத்தற நைன்ட்டி ஆயில். இது யார் போட்டது?

பெங்களூர்ல புதுசு புதுசா கம்பெனி வந்துட்டிருந்த தொண்ணூறுகள். ஆந்திரா எல்லைல எங்க குடுபல்லி பக்கத்துப் பசங்க பாதிப்பேர் குப்பத்துல ரயில் ஏறிட்டோம். திங்கக்கிழமை போனா சனிக்கிழமைதான் வீடு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின என் பைக் ஊர்லயே நிக்கும். பெங்களூர் ரூம் வாசல்ல விட்டா காலைல இருக்கும்ங்கற நம்பிக்கை எனக்கு இல்ல.

எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. ஒத்துக்கறேன்.

செயினுக்கு என்ன போடறதுன்னு முடிவு பண்ணவே ரெண்டு மாசம் ஆச்சு. குப்பம் மெக்கானிக், "வேஸ்ட் ஆயிலே சாலு, போதும் அண்ணா, எதுக்கு வீண் செலவு?"ன்னான். இஞ்சின்ல இருந்து எடுத்த அழுக்க என் தலைல கட்டப் பாக்கறான்னு நினைச்சேன். கிரீஸ் போட்டா மண்ணு ஒட்டிக்கிட்டு பல்சக்கரத்த அறுத்துடும்னாங்க. கடைசியா நைன்ட்டி ஆயில். அதையும் கடைக்காரர் லூஸ்ல ஊத்தினப்போ விரல்ல தொட்டு, தேய்ச்சு, மோந்து பாத்துட்டுத்தான் வாங்கினேன்.

அப்படிப்பட்டவன் செயின்ல விளக்கெண்ணெய்னா விடுவேனா?

வண்டி வாங்கும்போதே மீட்டர் கேபிள் அறுந்து கிடந்தது, எவ்வளவு ஓடிச்சுன்னு அதுல தெரியாது. டேங்க்ல குச்சி விட்டுப் பாத்தேன். நான் விட்டுப்போனதுக்கு மேலயே பெட்ரோல் இருந்தது! எந்தத் திருடன் பெட்ரோல் போட்டு வைப்பான்? அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

வெள்ளைத் தூசி மட்டும் என்னன்னு தெரிஞ்சிடுச்சு. கிரானைட் பாலிஷ் போடற ஃபேக்டரித் தூசி. எங்க தெருவுல அங்க வேலை செய்யறவன் ஒருத்தன்தான்… எதிர்வீட்டு முனிரத்னம். டிகிரி முடிச்ச என் தங்கச்சி கோமளாவுக்கு அந்த ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை இருக்குன்னு வந்து சொன்னவனும் அவன்தான். பஸ்ஸே போகாத ரோட்டுல பொம்பளப் புள்ள தனியாப் போக வேணாம், நான்தான் சம்பாதிக்கறேனேன்னு அவனத் திருப்பி அனுப்பிட்டேன். அந்தக் காண்டுல நான் இல்லாதப்போ வண்டிய எடுத்து ஓட்டறான்னு கணக்குப் போட்டேன்.

நேரா போய்க் கேட்டேன். சிரிச்சான்.

"எனுக்கு கியர் வண்டியே வராதுடா. நான் சைக்கிள்ல போய்க்கினு வரேன். உன் வண்டிய நான் எதுக்குத் தொடப்போறேன்?"

சிரிச்சது இருக்கே, அது சரியில்ல.

வீட்ல கேட்டா அம்மா, "மொதல்ல துன்னு, அப்புறம் பேசு"ன்னு தட்ட வெச்சாங்க. நைனா துண்ட உதறிட்டு வெளிய போயிட்டார். கோமளா அடுப்படிய விட்டு வரவே இல்ல. எல்லாரும் அவனுக்குப் பயந்து மறைக்கறாங்கன்னு நினைச்சேன்.

ஒரு புதன்கிழமை கரண்ட் இல்லன்னு கம்பெனில லீவு விட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாம ரயில் ஏறி வந்து, அந்த ஃபேக்டரிக்கு எதிர் டீக்கடைல உக்காந்தேன். கையும் களவுமா புடிக்கணும்னு.

சாயந்திரம் கேட் தொறந்தது. முதல்ல முனிரத்னம் சைக்கிள்ல போனான். பின்னாலயே என் பைக்…

ஓட்டினது கோமளா. தாவணிய இழுத்துச் சொருவிக்கிட்டு, முதுகு நிமிந்து, பயமே இல்லாம. பின்னால டிபன் டப்பாவ மடில வெச்சுக்கிட்டு நைனா. தலை, மீசையெல்லாம் வெள்ளைத் தூசி. மகளத் தனியா அனுப்பக்கூடாதுன்னு நான் சொன்னதுக்காக, அவரும் அதே ஃபேக்டரில கூலிக்குச் சேந்திருக்கார்!

ரோட்டுக்கு நடுவுல போய் நின்னேன். கோமளா பிரேக் போட்டா. சாவி எப்படின்னு பாத்தா, எங்க வீட்டு பீரோ சாவி தொங்குது. தேஞ்ச லாக், எத விட்டாலும் தொறக்கும்.

"வேலைய விடச் சொல்லாதண்ணா… வத்தின ஏரிக்குள்ள ஓட்டி ஓட்டிக் கத்துக்கினேன்…"

திட்டத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நைனா அவசரமா கீழ எறங்கி செயினக் காட்டினார்.

"தேயல பாரு பா. தெனம் மை போட்டுக்கினுதான் கீறேன்."

நைனா சின்ன வயசுல அடுத்தவங்க மாட்டு வண்டிய கூலிக்கு ஓட்டினவர். வைக்கோலக் கொளுத்தி, அந்தக் கரிய விளக்கெண்ணெய்ல குழைச்சு அச்சுக்குப் போடுவாங்களே, அந்த வண்டி மையத்தான் என் செயினுக்குப் போட்டிருக்கார். மகனுக்கு வண்டி மேல உசுருன்னு, கெட்டுடக் கூடாதுன்னு.

என் கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

"மை போடாதீங்க நைனா… தூசி ஒட்டிக்கும். நைன்ட்டி ஆயில் வாங்கி வெச்சுட்டுப் போறேன். அதையே போடுங்க."

கோமளா என்னையே பாத்தா. அப்புறம் மூக்க உறிஞ்சிக்கிட்டு கிக்கர மிதிச்சா. மூணு பேரும் அதுலயே வீட்டுக்கு வந்தோம். கடைசில கேரியர்ல உக்காந்தவன் நான்.

இப்போ கோமளா பெங்களூர்ல ஒரு ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறா. சொந்தக் கார், அவளே ஓட்டறா. நைனா இல்ல. என்கிட்ட வேற பைக். சர்வீஸ்ல ஏதோ ஸ்ப்ரே அடிச்சு, "தூசியே ஒட்டாது சார்"னு சொல்லி வண்டியக் குடுக்கறாங்க. செயினும் பளபளன்னு சுத்தமாத்தான் இருக்கு.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் குனிஞ்சு மோந்து பாக்கறேன்…

அந்த வாசனை மட்டும் இல்ல.