பெயர் எழுதாத மரண அறிவித்தல்

என்னை வேலையிலிருந்து தூக்கத்தான் அண்ணை அந்தத் தாளைத் தந்தார் என்று முழுதாக நம்பினேன். மூளையுள்ளவன் இரண்டு நாளில் தெளிந்திருப்பான். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அந்த நாட்களில் நான் ஆடிய கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்த பிறகு வருவதைத்தான் தாங்க முடிவதில்லை.

அண்ணை என்றால் எங்கள் கம்பனி முதலாளி. கம்பனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு மேல்மாடி, கீழே உரக்கடை. இரண்டு ஒலிபெருக்கியோடும் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் இழுக்கிற ஒரு பெட்டியோடும் அவர் தொழிலைத் தொடங்கினார். கோயில் திருவிழாவுக்கும் கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் அதே பெட்டிதான் போகும். யுத்தத்து இடப்பெயர்வில் பெட்டி போய்விட்டது. ஒலிபெருக்கி ஒன்று மட்டும் அவரோடு முல்லைத்தீவுவரை போய்த் திரும்பியது. சனம் மீளக் குடியேறியபோது தண்ணீர்ப் பம்பி முதல் கதிரை வரை எல்லாமே புதிதாக வாங்க வேண்டியிருந்தது. விற்கிறவர்களை ஒரு தறப்பாளுக்குக் கீழே கூட்டி, மைக்கைத் தானே பிடித்தார். அதுதான் எங்கள் முதல் வர்த்தகக் கண்காட்சி. அதற்கு விளம்பரம் சொல்லவென்று பிறகு தொடங்கியதுதான் இணையத்தில் ஓடி, போனில் கேட்கிற எங்கள் வானொலி.

வானொலியில் காலை நிகழ்ச்சி என்னுடையது. பாட்டுக்கு நடுவே பகிடி விடுவேன். மரண அறிவித்தல் மட்டும் அண்ணையிடம். வேறொருவரும் தொட முடியாது. காய்ச்சலோடும் மாடியேறி வந்து வாசிப்பார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் வானொலியைத் திறந்தது அந்த அறிவித்தலுக்காகத்தான், என் பகிடிக்காக அல்ல. வயிற்றெரிச்சலோடு ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருடக் கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையை அறிவிப்பாளராக எடுத்தார். படித்த பிள்ளை. குரலைக் கேட்டால் நமக்கே கடன்பட்டாவது ஏதாவது வாங்க வேண்டும் போலிருக்கும். அதே கிழமை என்னை ஒலிப்பதிவு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். மரண அறிவித்தல். பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

“வாசி.”

“ஆர் அண்ணை மோசம் போனது?”

“ஆரெண்டாலென்ன? வாசி, பாப்பம்.”

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றைப் பிறப்பிடமாகவும், பரந்தனை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கியது. தோட்டத்தின் பெயர் நாக்கில் சிக்கியது. சிக்கட்டும் என்றே தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

“செத்தவீட்டுக்குள்ளையும் பகிடி விடுற மாதிரிக் கிடக்கு உன்ரை குரல்,” என்றார். “பழகிக்கொண்டு வா.”

அவருடைய குரலும் கரகரத்துத்தான் இருந்தது. ரோட்டுப் புழுதி என்றார். என் குரலைப் பற்றிய பயத்தில் அவருடைய குரலை நான் காதில் போடவில்லை.

அன்றிலிருந்து ஐஸ் தண்ணீரை விட்டேன். சுக்கும் மிளகும் குடித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். முரசுமோட்டையில் என் வீட்டுக் கிணற்றடியில் நின்று, வாழைகளுக்கு அந்த அறிவித்தலை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணீரோடு ஓடி வந்தார்.

“ஐயோ, ஆர் தம்பி மோசம் போனது? அறிவித்தல் கேட்டுது.”

“ஒருத்தரும் சாகேல்லை அக்கா. வேலை போகப் போகுது. அதுதான் பழகிறன்.”

“வேலை போறதுக்கும் செத்தவீடு கொண்டாடுறியே? நல்லா இருப்பாய்!”

தேத்தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். ஒரு கோப்பையாவது ஊற்றித் தந்திருக்கலாம்.

அடுத்த கிழமை மறுபடி வாசிக்கச் சொன்னார். இம்முறை புதுப் பிள்ளையும் இருந்தது, அண்ணையின் மனைவியும் இருந்தார். கண்காட்சியில் கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுப்பது அவருடைய வேலை. ஆட்களைக் கண்டதும் எனக்குப் பயம் பிடித்தது. பயந்தால் நான் பகிடி விடுவேன். சின்ன வயதிலிருந்து உள்ள வியாதி அது. தோட்டத்தின் பெயர் வந்த இடத்தில் குரலை மாற்றி, தோட்டத்து ஆட்கள் கதைக்கிற மாதிரி “ங்க” போட்டு இழுத்து வாசித்தேன்.

புதுப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அண்ணையின் மனைவி எழும்பி வெளியே போனார். தேத்தண்ணீர் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏன்ரா அந்த இடத்திலை மட்டும் குரல் மாறுது?” என்று அண்ணை கேட்டார்.

“சும்மா ஒரு சுவைக்கு அண்ணை.”

“செத்தவன்ரை ஊரடா அது. சுவை வேண்டாம். இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து, குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றக் காணிக்கு வந்து குடியேறியது. நாங்களும் வந்தவர்கள்தான். ஆனால் மலைநாட்டிலிருந்து கலவரங்களில் அடிபட்டு ஓடி வந்தவர்களைப் பார்த்து, எங்கோ இருந்து வந்ததுகள் என்று கதைக்க எங்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. அந்தக் கதையெல்லாம் அண்ணைக்கு முன்னால் இருந்துதான் கதைத்தோம். அவர் எங்கள் பேச்சிலேயே, எங்களைவிடச் சுத்தமாக “ஓம்” சொல்வார். எந்த ஊர் என்று கேட்டால் பரந்தன் என்பார். பரந்தனுக்கு முன்னால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

கண்காட்சி தொடங்கிய காலை மைக் புதுப் பிள்ளையின் கைக்குப் போனது. வருடாவருடம் அண்ணை தன் வாயால் திறந்து வைக்கிற கண்காட்சி. அவர் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இனி என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உழவு மெஷின்களுக்கும் ஐஸ்கிறீம் கடைக்கும் நடுவே விழுந்தடித்துப் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

“அண்ணை, நிப்பாட்டிறதெண்டா முகத்துக்கு நேரை சொல்லுங்கோ. ரெண்டு மாசமாச் சுக்குக் குடிக்கிறன். என்னாலை ஏலாது.”

அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கையைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டார். காதை அவருடைய வாயோடு வைக்க வேண்டியிருந்தது.

“விசரா. உன்னை நிப்பாட்டினா ஆரடா அதை வாசிக்கிறது? அவள் திறப்பு விழாவுக்கு. நீ மற்றதுக்கு.”

மரண அறிவித்தல் எனக்கு! ஒருவருக்கும் கொடுக்காததை எனக்குக் கொடுத்துவிட்டார்! சந்தோஷத்தில் நேரே போய் இரண்டு ஐஸ்கிறீம் வாங்கி இரண்டையும் நானே தின்றேன். அந்தக் கதிரையில் இருந்தவரின் கழுத்து எவ்வளவு மெலிந்திருந்தது என்பது அன்றைக்குக் கண்ணில் பட்டது. மனதில் படவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு பின்னேரம் அண்ணையின் மனைவி மாடியேறி வந்தார். தாள் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கோட்டின் மேல் அண்ணையின் பெயரை எழுதினார். திகதியும் நேரமும் எழுதினார்.

“ஊர்ப் பேரை விடவேண்டாமெண்டு சொன்னவர், தம்பி.”

தொண்டையில் புற்றுநோய். தாளை என்னிடம் தருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று விடியப்புறம் வவுனியா ஆஸ்பத்திரியில் வைத்துப் போய்விட்டார். அன்று மாலை ஏழு மணிக்கு அறிவித்தலை வாசித்தேன். எந்த இடத்திலும் குரலை மாற்றவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு எரித்தோம். ஐந்து மணிக்கு, கையில் ஒரு துணிப்பையோடு வயதான ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, அண்ணையின் வீட்டுக்கு வழி கேட்டார். தோட்டத்திலிருந்து வந்த அண்ணையின் தம்பி. நாற்பது வருடமாக ஒருவரையொருவர் கண்டதில்லை. என் அறிவித்தலை யாரோ போனில் கேட்டுவிட்டு, தோட்டத்தின் பெயர் வந்ததால் காலையில் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.