கணக்கு என்று லேபிள் ஒட்டிய நாவல்கள்

பள்ளி நூலகர் என்றால் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். யார் கையும் படாமல் புத்தகத்தைக் காப்பதற்குத்தான் சம்பளம் என்பது உள்ளே இருக்கும் நமக்குத் தெரியும். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினொரு வருஷமாக இந்தக் காவல் வேலையைப் பார்க்கிறேன். சக காவல்காரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். என் பங்கையும் கேளுங்கள்.

பீரோ வாசம்

இந்த வருஷம் மன்றாடிப் பன்னிரண்டு நாவல்கள் வாங்க வைத்தேன். எல்லாம் பதற்றத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளின் கதைகள். கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை திரும்பி வந்து பார்க்கும் பெண், பரீட்சை ஹாலுக்குள் கால் வைத்தாலே வியர்த்துக் கொட்டும் பையன், இப்படி. மூச்சை இழுத்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற ரகத்தை வாங்கவில்லை. அந்த உபதேசத்துக்கு எங்கள் காலை அசெம்பிளியே போதும்.

பிரின்சிபால் மேடம் அட்டைகளைப் பார்த்தார். உள்ளே ஒரு வரி படிக்கவில்லை. முதலில் டெங்கு போஸ்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அதுவும் ஆபத்து என்று பட்டதோ என்னவோ, கண்ணாடி பீரோவின் அடித்தட்டில், அகராதிகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். “வெளியில வெச்சா நம்ம ஸ்கூல் பசங்களுக்கு பயம் இருக்குன்னு பேரன்ட்ஸ் நினைச்சுப்பாங்க மிஸ்.”

மனை விற்பவரின் விமர்சனம்

சாவி என்னிடம்தான் இருந்தது. கேட்ட பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தேன். முதலில் கேட்டவன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அப்பா கூடுவாஞ்சேரியில் மனை விற்பவர். பெற்றோர் கூட்டத்தன்று, மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, பரீட்சை ஹால் நாவலை என் முன்னால் பொத்தென்று போட்டார். ஆனால் முழுசாகப் படித்திருந்தார். அந்த ஒரு மரியாதையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசிப் பக்கத்திலும் அந்தப் பையனுக்கு வியர்க்கிறதாம். வியர்வையோடுதான் உள்ளே போய் எழுதுகிறான், கதையே அதுதான் என்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனையை ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம் என்று நோட்டீஸ் அடிப்பவருக்கு, நாவலிடமிருந்து உத்தரவாதம் வேண்டுமாம். “நூத்தி அறுபது பக்கம் படிச்சும் அவனுக்கு பயம் போகல, அப்புறம் இன்னாத்துக்கு மேடம் இந்த புக்கு?”

பாடம்: கணக்கு

அன்றிலிருந்து வகுப்பில் அவர் பையனுக்கு ‘பயம் போகல’ என்றே பெயர். அவன் நூலகம் பக்கமே வருவதில்லை. இதையெல்லாம் அதே வகுப்பு நிவேதா பார்த்துக்கொண்டிருந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் வாந்தி எடுப்பாள். வீட்டில் அதற்குப் பெயர் நடிப்பு.

கதவு பூட்டும் பெண்ணின் கதை அவளுக்கு வேண்டும், ஆனால் ரிஜிஸ்டரில் ஏறக் கூடாது. கிளாஸ் லீடர் வாராவாரம் அதைப் புரட்டுவானாம். விஷயம் தெரிந்தால் ஸ்கூலுக்கே வர மாட்டேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் என்ன செய்தேன்? எழுதாமல் கொடுக்க விதி இல்லை என்று அனுப்பிவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பிரவுன் ஷீட்டும் லேபிளுமாக வந்தாள். அந்த நாவலைக் கேட்டு வாங்கி, என் எதிரிலேயே உட்கார்ந்து அட்டை போட்டு, லேபிளை ஒட்டி, பாடம் என்ற இடத்தில் ‘கணக்கு’ என்று எழுதினாள். மேலே இருப்பதைப் பார்த்து எழுதுவதுதானே நம் தொழில்? ரிஜிஸ்டரில் அப்படியே எழுதினேன். ஏன் அறிவியல் என்று போடவில்லை என்று கேட்டேன். “கணக்குன்னு போட்டா வீட்ல யாரும் தொறந்துகூட பாக்க மாட்டாங்க மிஸ்.”

ரிஜிஸ்டர் சோதனை

பிரவுன் ஷீட்டோடு வருகிறவர்கள் பெருகினார்கள். ஒரு மாதத்தில் பீரோவின் அடித்தட்டு காலி. இதற்குள் மனைக்காரர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கொளுத்திப் போட, ஒரு காலையில் பிரின்சிபால் மேடம் நேராக நூலகத்துக்கே வந்துவிட்டார். அந்த நாவல்களை எடுத்தவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டும். பெயர்களை அசெம்பிளியில் படித்து, எல்லோரையும் தனியாக உட்கார வைத்துத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கப் போகிறாராம். பயப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து யாருக்குத் தோன்றும்!

மூலை மேஜையில் நிவேதா இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. படித்துக்கொண்டிருந்த நாவலை மூடி, லேபிள் மேலே தெரியும்படி மேஜையில் வைத்தாள். ரிஜிஸ்டரை நீட்டினேன். பீரோவைத் திறந்து காலித் தட்டைப் பார்த்திருந்தால் அவள் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் ரிஜிஸ்டர் கையில் இருக்கும்போது புத்தகத்தை யார் பார்க்கிறார்கள்? பக்கம் புரளப் புரள மேடத்தின் முகம் மலர்ந்தது. போகிற வழியில் நிவேதாவின் லேபிளைப் படித்து, அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். “அந்த ஒரு பையனைத் தவிர நம்ம பசங்க யாருக்கும் பயமே இல்ல மிஸ், எல்லாரும் கணக்குதான் படிக்கிறாங்க.”

ஆக, தாம்பரம் சுற்றுவட்டாரத்திலேயே கணக்கில் இத்தனை ஆர்வம் உள்ள பள்ளி எங்களுடையதுதான். கணக்கு மார்க்கை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.