தண்ணீர் மேட்டுக்கு ஏறிய மத்தியானம்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு நீலக் கோடு திருச்சுழிப் பக்கத்து மேட்டை நோக்கி விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்தான்! அருப்புக்கோட்டையில் எங்கள் சின்ன அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் கண்மாய், வாய்க்கால் வரைபடம் வரைவார். மழை பெய்தால் அதில் எந்தக் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு மறுகால் பாயும் என்று கணக்கிடும் நிரலை நான் எழுதுவேன். அவர் படத்தில் எல்லாம் அசையாமல் நிற்கும். என் நிரலில் எல்லாம் ஓடும். இரண்டையும் அன்றுதான் முதன்முதலாகச் சேர்த்தோம். சேர்த்த கையோடு, வரிசையில் கடைசியாக இருந்த அக்காவின் ஊர்க் கண்மாய்க்குச் சொட்டுத் தண்ணீர்கூட வராது என்று காட்டிவிட்டது.

எந்தக் கண்மாய்களைத் தூர்வாருவது என்று அதிகாரிகள் முடிவெடுக்கும் கூட்டம் மறுநாள். நீர்வரத்துள்ள கண்மாய்களை மட்டும்தான் அந்த வருஷம் தூர்வாருவார்கள். அக்கா பொங்கிவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் வீட்டுத் தெலுங்கு வரும், அப்புறம்தான் தமிழ். "ஏன் தம்பி, நான் நீச்சல் படிச்ச கண்மாய் அது. தண்ணி வராம மண்ணுலயா நீந்துனேன்?" நானும் விடவில்லை. "நிரல்ல தப்பில்லக்கா, உங்க படத்தப் பாருங்க" என்றேன். படத்திலும் பெரிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை, அதுதான் எரிச்சல்.

ஓட்டத்தை மெதுவாக்கித் திரும்பவும் போட்டோம். தண்ணீர் கடைசிக் கண்மாயில் புறப்பட்டு, வாய்க்காலோடு மேலேறி, ஓரிடத்தில் கொஞ்சம் ஒதுங்கி, மறுபடி வாய்க்காலுக்கு வந்தது.

"அய்யய்யோ, இது நான் நடந்த வழியாச்சே!" அக்கா தலையில் கைவைத்துச் சிரித்தார். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜிபிஎஸ் கருவியோடு வாய்க்காலோரமாக மேல்நோக்கி நடந்து அவர் பதிந்த கோடு அது. டீக்கடைக்கு ஒதுங்கியதும் அதில் இருந்தது. கோடு எந்த முனையில் தொடங்கினால் படத்துக்கு என்ன? என் நிரலோ, தொடங்கிய முனைதான் மேடு என்று நம்பியது. "உன் தண்ணிக்கும் டீ கேக்குதுய்யா" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

அன்று சாயங்காலமே கோடுகளின் முனைகளுக்கு நில உயரத்தைச் சேர்த்து, உயர்ந்த முனையிலிருந்து ஓடும்படி மாற்றினோம். மேலக் கண்மாய் நிறைந்தது, மறுகால் பாய்ந்தது, கடைசிக் கண்மாய் நீலமானது. அக்கா கைதட்டினார். கூட்டத்தில் அவர் ஊருக்கும் சம்மதம் கிடைத்தது.

இப்போது நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். போன ஐப்பசியில் அக்கா போன் செய்தார். பின்னால் தண்ணீர் இரைச்சலும் பெண்களின் குலவையும். "தம்பி, நம்ம கண்மாய் மறுகால் பாயுதுய்யா!" எங்கள் வரைபடம் அந்தக் கண்மாயோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நாங்கள் எதையும் வரையவில்லை.

"அதுக்குக் கீழ எங்கக்கா போகும்?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? ஓடை பூராம் கருவேல முள்ளு. செருப்ப மாட்டிட்டேன். தண்ணி கூடவே போயிப் பாத்துட்டு வாரேன்" என்று போனை வைத்துவிட்டார்.