மிருகத்தின் பின்னங்கால்

சாப்பாட்டு இடைவேளையில் அவர் மிருகத்தைக் கழற்றுவதில்லை. இருபத்திரண்டு கொக்கிகள், அவிழ்க்க ஓர் ஆள் வேண்டும், திரும்ப மாட்டவும் ஓர் ஆள் வேண்டும். ஆகவே இடுப்புக்குக் கீழே பச்சைச் செதிலும் மூன்று விரல் நகமுமாக, கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார். பக்கத்தில் வால் கிடக்கும். யாரும் அங்கே உட்காருவதில்லை.

படப்பிடிப்புத் தளத்தில் அவர் பெயரே பின்னங்கால்தான்.

"பின்னங்கால் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க. முன்னங்கால்தான் இன்னும் போன்ல பேசிட்டிருக்கு."

எடுப்பது வேடிக்கைப் படம். ராஜா காலத்து அரண்மனையில் பாத்திரம் கழுவும் ஒரு பயந்தாங்கொள்ளி, ஊரை அழிக்க வந்த மிருகத்தைக் கொன்றுவிடுகிறான். வாளால் அல்ல. அவன் பதறிப்போய்க் கொட்டிய கழுவுத் தண்ணீரில் அது வழுக்கி விழுந்து சாகிறது.

மிருகத்துக்குள் இரண்டு பேர். முன்னால் நிற்கும் இளைஞனுக்கு அதன் வாய் வழியாக வெளியே தெரியும். பின்னால் குனிந்து, அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்திருக்கும் இவருக்கு ஒன்றும் தெரியாது. கையில் அவன் ஒரு தட்டு தட்டினால் நட. இரண்டு தட்டினால் நில். பதினோரு வருடமாக விதவிதமான மிருகங்களுக்குள் இப்படியே நடந்ததில், கடை வரிசையில் எவர் கை பட்டாலும் ஓர் அடி எடுத்து வைத்துவிடுவார். முன்னால் நிற்பவர் முறைப்பார். "தப்பா நினைக்காதீங்க, தொழில் பழக்கம்."

வீட்டிலும் விளக்குப் போடுவது அபூர்வம். கதவிலிருந்து அடுப்புக்கு ஏழு அடி, அடுப்பிலிருந்து கட்டிலுக்கு நான்கு. வழியில் எதையாவது நகர்த்தி வைக்க அங்கே வேறு ஆள் கிடையாது.

ஒன்பது வயது மகள், தன் அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை பேசுவாள். வகுப்பில் அப்பாதான் மிருகம் என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்தரும் நம்பவில்லை.

"மூஞ்சியே தெரியாதேப்பா, எப்படி நம்ப வைக்கிறது?"

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "மிருகம் செத்து விழும்ல? அப்ப இடது பின்னங்கால் மூணு தடவ உதறும். எல்லார்கிட்டயும் இப்பவே சொல்லி வை. படம் வந்ததும் வாயடைச்சுப் போயிடுவாங்க."

கடைசி நாள்தான் சாகும் காட்சி. மிருகம் வழுக்கியது, விழுந்தது, கால் மூன்று தடவை உதறியது.

"யோவ் பின்னங்கால்," என்றார் இயக்குநர். "செத்ததுக்கு எதுக்குய்யா வலிப்பு வருது? அவன் ஜெயிச்சு நிக்கிறான், எல்லாரும் உன் காலப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"சிரிப்புப் படம்தானேங்க."

"சிரிப்பு அவனுக்கு வரணும். உனக்கில்ல."

மறுமுறை கால் ஒரே ஒரு தடவை உதறியது. "ஒழுங்கா செத்துத் தொலைய்யா," என்று இயக்குநரின் குரல் கேட்டது. மூன்றாம் முறை செத்தார்.

"ஓகே" என்ற குரலும் கைதட்டலும் கேட்டன. எல்லோரும் கதாநாயகனிடம் ஓடினார்கள். முன்னங்காலும் கழுத்து வழியாக வெளியேறிப் போய்விட்டான். கையில் தட்டு விழாததால் இவர் ஈரத்தில் அப்படியே கிடந்தார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது கொக்கி அவிழ்க்கிறவர் இன்னும் வந்து சேரவில்லை. இவர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"உதறினியாப்பா? கிளாஸ் முழுக்கச் சொல்லிட்டேன்."

"கொஞ்சம் மாத்திட்டோம்டா குட்டி. விழுந்தப்புறம் முன்னங்கால் மூச்சு வாங்கி லேசா ஆடும். பின்னங்கால் மட்டும் துளிகூட அசையாது. அவ்ளோ நல்லா யாரு சாவா? அதான் அப்பா."

"அசையாம இருக்கிறத எப்படிப்பா காட்டுறது?"

"நல்லா உத்துப் பாக்கச் சொல்லுடா," என்றார். சொல்லும்போதே, பெட்டிக்குக் கீழே, அந்தப் பச்சைக் கால் மூன்று தடவை உதறியது.