ஈஸ்வரன் கிணறும் குப்பண்ணன் இரங்கற்பாவும்

இறந்தவரை நினைத்து வருந்திப் பாடும் பாட்டு இரங்கற்பா என்கிறது அகராதி. பாவம், அகராதி எழுதியவர் கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்ததில்லை. இங்கே இரங்கற்பா என்றால் குப்பண்ணன். சந்தைக்குப் பக்கத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் அவர், பருத்திக்கொட்டையை நிறுத்துக்கொண்டே எதுகை தேடுவார்.

ஊரில் யார் கண்ணை மூடினாலும், அடக்கம் முடிந்த கையோடு முக்கில் அனுசோசன யோகம் என்னும் இரங்கல் கூட்டம் கூடும். மற்ற நாளில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்சிக்காரர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, செத்தவரால் நாட்டுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஆளுக்கு ஒரு தடவை அளப்பார்கள். அந்த அளப்புக்குப் பிள்ளையார் சுழி, குப்பண்ணனின் இரங்கற்பா.

அவர் பாட்டில் இதுவரை மனிதன் எவனும் செத்ததில்லை. மலை சாயும், ஆலமரம் முறியும், சூரியன் அணையும். கள்ளுக்கடையிலேயே குடியிருந்த ஒருவரைத் 'தெளிந்த நீரோடையே' என்று பாடினார். கடைக்காரர்தான் முதலில் அழுதார். இன்னொரு கூட்டத்தில் ஒலிபெருக்கியே கண்ணீர் விட்டது. அது முதல்நாள் மழையில் நனைந்த ஒலிபெருக்கி என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

இப்படிப்பட்ட கவிஞருக்குத்தான் பங்குனி வெயிலில் தண்ணீர்க் கஷ்டம் வந்தது. வீட்டுக் கிணற்றில் தவளைகூடக் குடிபெயர்ந்துவிட்டது. தெருவில் வற்றாத கிணறு ஒன்றே ஒன்று, ஈஸ்வரனுடையது. அவர் தெருக்குழாய்க்குப் போகும் வால்வைப் பூட்டி, சாவியை அரைஞாண்கயிற்றில் முடிந்திருந்தார். குப்பண்ணன் போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

"ஏப்பா குப்பண்ணா, செத்தவனுக்கெல்லாம் பாட்டுக் கட்டறயே, மழைக்கு ஒண்ணு கட்டறது? வந்தா எல்லாரும் நனைஞ்சுக்குவோம்" என்றார் ஈஸ்வரன்.

வீட்டில் இரண்டு எருமைகளும் காலித் தொட்டியை நக்கிவிட்டு அவரையே பார்த்தன. மனைவி மயிலாத்தா அதற்கும் மேல்.

"ஏனுங்க, உங்க பாட்டெ அதுககிட்டப் பாடிக் காட்டுங்க. தாகமாச்சும் மறந்துபோகும். இல்லீன்னா வர்ற வியாழக்கெழமை ரெண்டையும் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப்போடுவேன்."

மயிலாத்தா சொன்னால் சொன்னதுதான். எருமை போனால் பால் போகும், பால் போனால் வீட்டில் மரியாதை போகும். குப்பண்ணனுக்கு எதுகை வராமல் போனது அந்த வாரத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில், சாவி இடுப்பில் இருக்க, ஈஸ்வரன் போய்ச் சேர்ந்தார். சற்று நேரத்தில் அவர் மகன் பூபதிராஜா தீவனக் கடையில் வந்து நின்றான்.

"மாமா, அப்பாவுக்கு நீங்க பாடோணுமுங்க. சின்னதா வேண்டாமுங்க. நான் அடுத்த பஞ்சாயத்து எலக்சன்ல நிக்கலாம்னு இருக்கறனுங்க."

"அதுக்கென்ன தம்பி. அப்பாவோட நல்ல கொணம் ஒண்ணு சொல்லு, அதெ வெச்சுக் கட்டிப்போடறேன்."

பூபதிராஜா வானத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிண்ணாக்கு மூட்டையைப் பார்த்தான்.

"அவுரு வெத்தலெ போடமாட்டாருங்க."

அவன் போனதும் மயிலாத்தா கடைக்கு உள்ளேயிருந்து வந்தாள்.

"என்னத்தெ எழுதப் போறீங்க?"

"ஆலமரம்னு..."

"ஆலமரமா! அந்தாளு யாருக்கு நெழலு குடுத்தாரு? எப்படியும் இல்லாததெத்தான் எழுதப்போறீங்க. அதெ நமக்கு வேண்டியதா எழுதுனா என்ன?"

குப்பண்ணன் பேனாவை எடுத்தார். அன்று அவருக்கு மலை, சூரியன் எதுவும் தேவைப்படவில்லை.

மாலையில் முக்கில் நல்ல கூட்டம். பூபதிராஜா மேடையில் கைகூப்பி நின்றான். குப்பண்ணன் தொண்டையைச் செருமி, ஒலிவாங்கியை முத்தமிடாத குறையாக நெருங்கிப் பாடினார்.

"கேட்டவர்க்குக் கேளாமுன் கிணற்றுவாய் திறந்தவனே!
வாட்டுகின்ற கோடையிலே வாய்க்காலாய் நடந்தவனே!"

பலசரக்குக் கடை முகம்மது குட்டி துண்டால் முகத்தை மூடிக் குலுங்கினார். அவர் அழுகிறார் என்று நினைத்து நாலுபேர் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

அடுத்துப் பேச வந்த கட்சிக்காரருக்கு ஈஸ்வரனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தெருவே ஈஸ்வரன் தண்ணீரில்தான் பிழைத்தது என்றார். எதிர்க்கட்சிக்காரர் விடுவாரா? வார்டு முழுக்க என்றார். மூன்றாமவர் தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினார். நாலாமவர் எழுந்திருப்பதற்குள் கூட்டத்தை முடித்தார்கள். இல்லையென்றால் பொள்ளாச்சியில் வெள்ளம் வந்திருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் பூபதிராஜா தலையை ஆட்டினான், கண்ணைத் துடைத்தான். ஓட்டுக் கேட்கப்போகிறவன் வேறென்ன செய்வான்?

மறுநாள் விடிந்ததும் அவன் வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. முதல் குடம் மயிலாத்தாளுடையது.

"தம்பி, உங்கப்பா தெறந்து வெச்ச கெணத்தெ யாரோ பூட்டிப்போட்டாங்களாட்ட இருக்குது. என்னன்னு பாரு சாமி."

"அப்பா எப்பங்க அத்தெ, தெறந்து..."

"நேத்து நீயுந்தானே தலெய ஆட்டுனே? எல்லாக் கட்சியும் ஒண்ணாச் சேந்து பொய் சொல்லுமா?"

எதிர் டீக்கடையில் நேற்றைய பேச்சாளர்கள் இருவர் கண்ணாடி டம்ளரோடு வேடிக்கை பார்த்தார்கள். பூபதிராஜா உள்ளே போய்ச் சாவியோடு திரும்பினான். வால்வு கிறீச்சிட்டது. ஈஸ்வரன் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத தர்மத்தைச் செத்த மறுநாளே தொடங்கினார். எருமைகள் வயிறு முட்டக் குடித்தன. வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை அவை இல்லாமலே நடந்தது.

அதோடு குப்பண்ணனின் கீர்த்தி வேறு தினுசாகப் பரவியது. அடுத்த வாரம் தெய்வசிகாமணி கடைக்கு வந்தார். பேருந்து நிலையத்துக்குப் போகும் குறுக்குத்தடத்தை, தம் தென்னந்தோப்போடு சேர்த்து வேலி போட்டு அடைத்திருப்பவர் அவர். தீவனம் எதுவும் கேட்கவில்லை.

"குப்பண்ணா, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாட்டுக் கீட்டு எதுவும் வேண்டாமப்பா. ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னு மௌனமா இருந்தாப் போதும்."

குப்பண்ணன் தராசை நிறுத்தினார். அவரை மேலும் கீழும், இன்று வாங்கலாமா நாளை வாங்கலாமா என்று மாடு பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"அதெப்படீங்கண்ணா உடறது? ஊருக்கே தடம் உட்டவரு நீங்க" என்றார். "உடம்பெப் பாத்துக்குங்க."