கிரண் பேருக்கும் அர்ச்சனை ஆயிடுச்சு

இன்னைக்குக் காலைல எங்க மௌலா அலி ஏரியா புள்ளையார் கோயில்ல ஒரே கூத்து போங்க.

எங்க கார்த்தி ஹார்ட் ராக் பேண்டுல கிடார் வாசிக்கிறான்ல, அவங்க புது ஆல்பம் இன்னைக்கு வெளிய வருது. முன்னாடி பாடின கிரண் சண்டை போட்டுட்டுத் தனி பேண்டு ஆரம்பிச்சுட்டான். இப்ப வினய்னு ஒரு புள்ள பாடுது. தொண்டை கிழியக் கத்துது, ஆனா தங்கமான புள்ள.

எல்லாரையும் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனேன். அத்தனை பேரும் மண்டை ஓடு போட்ட கறுப்புச் சட்டை!

குருக்கள் பேரு, நட்சத்திரம் கேட்டதும் பழக்கத்துல மடமடன்னு சொல்லிட்டேன். "கிரண், ரோகிணி"யையும் சேர்த்து.

கார்த்தி பதறிட்டான். "அம்மா, எதுக்கு அவன் பேரு? அவன் ஆல்பமும் இன்னைக்குத்தான் வருதும்மா! கேன்சல் பண்ணச் சொல்லு!"

"புள்ளையார்கிட்ட ஏதுப்பா கேன்சல்?"னு குருக்கள் சிரிக்கிறாரு.

வினய் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "ஆன்ட்டி, நா பேரு?"ன்னு தெலுங்குல கேட்டான், 'என் பேரு எங்க'ன்னு. பாவமா இருந்துச்சு. அவனுக்குத் தனியா ஒரு தேங்காய் உடைச்சு சமாதானம் பண்ணினேன்.

கார்த்தி இன்னும் எங்கூடப் பேசல.

கிரண் பேருக்கு வந்த பிரசாதத்தை நாமளே சாப்பிடலாமா? அவன் வீட்டுக்கே கொடுத்து அனுப்பிட்டேன். நான் பண்ணது தப்பா, நீங்களே சொல்லுங்க.

கார்த்திகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.